மெசினை அணைத்துவிட்டுப் பார்த்தார்களா? காந்த வைத்தியத்தின் நீண்ட கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சில மாதங்களாக எங்கள் பக்கத்தில் ஒரே கதை. மின்காந்த மெசின் ஒன்று வந்திருக்கிறதாம். பாய் மாதிரி விரித்து அதில் படுக்க வேண்டுமாம். நாரியில் கட்டுகிற பட்டியும் உண்டாம். முழங்கால் தேய்மானம், நாரிநோ, சீனி வருத்தம், பிரஷர், பாரிசவாதம், கை நடுக்கம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம். முதல் சில நாட்கள் இலவசம். அதற்குப் பிறகுதான் விலை சொல்வார்கள், அதுவும் லட்சத்தில்.

"கதிரையில் இருந்து தொழுகிற நீங்கள் மூன்று மாதத்தில் தரையில் சுஜூது செய்வீர்கள்" என்று ஒரு பெரியவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகளின் காப்பை ஈடு வைத்து வாங்கலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். இன்னொரு தாய், "சேர், இதை வாங்கினால் இன்சுலினை நிப்பாட்டலாமாம், உண்மையா?" என்று கேட்டார்.

நான் வைத்தியர் இல்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த மெசின்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், விற்க வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

கதை ஒரு மீனில் தொடங்குகிறது. உரோமச் சக்கரவர்த்தி கிளாடியஸ் காலத்தில், கி.பி. 47 அளவில், ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் தலையிடிக்கும் கால் வாதத்துக்கும் ஒரு வைத்தியம் எழுதி வைத்தார். உயிரோடு இருக்கிற மின்திருக்கையைத் தலையிடிக்காரரின் நெற்றியில் வைக்க வேண்டும். கால் வாதம் என்றால் ஈரக் கடற்கரையில் அதை மிதித்துக்கொண்டு, முழங்கால் வரை விறைக்கும் மட்டும் நிற்க வேண்டும். நைல் நதியில் மின்சாரம் பாய்ச்சும் ஒரு கெளிறு இருக்கிறது. அரபிகள் அதற்கு இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்ற சொல்லை ஒட்டியே பெயர் வைத்தார்கள்.

விறைத்துப்போன காலில் நோ தெரியாது. அது உண்மைதான். ஆனால் நோ கொஞ்ச நேரம் தெரியாமல் போவதும் வருத்தம் மாறுவதும் ஒன்றா? நூற்றாண்டுகளாகப் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கேட்பதற்கு ஒரு வழியைக் காட்டியவர்களில் ஒருவர் அபூபக்ர் அல்-ராஸி. ஈரானின் ரய் நகரில் பிறந்து பக்தாதிலும் வைத்தியம் செய்தவர். காலம் 865 முதல் 925 வரை. மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தெரிந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அவர் இரத்தம் வாங்கினார். அது அந்தக் கால வைத்தியம். இன்னொரு பகுதியினருக்கு வேண்டுமென்றே வாங்காமல் விட்டார். பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரத்தம் வாங்குவது நல்லது என்ற அவருடைய முடிவை இன்றைய வைத்தியம் ஏற்காது. ஆனால் வைத்தியம் செய்தவரையும் செய்யாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார் என்ற அந்த முறைதான் இன்று உலகம் முழுவதும் மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கு முன்னோடி.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1774இல் வியன்னா நகரில் மெஸ்மர் என்ற வைத்தியர் காந்தங்களை வைத்து நோயாளிகளைக் குணப்படுத்துவதாகச் சொன்னார். பிறகு, காந்தக்கல்லே தேவையில்லை, அந்தக் காந்த சக்தி தன் உடம்பிலேயே இருக்கிறது என்றார். பாரிசுக்குப் போனார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் சுகமாகிவிட்டது என்று அழுதார்கள்.

1784இல் பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். இடிதாங்கி கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்கிளினும், நவீன இரசாயனவியலின் தந்தை என்று நாங்கள் படிப்பிக்கிற லாவோசியேயும் அதில் இருந்தார்கள். சோதனை மிக எளிமையானது. பிராங்கிளினின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் 'காந்த சக்தி' ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் கூட்டிப் போனார்கள். சக்தி ஏற்றாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் தூரத்தில் நின்றது.

பையன் நடிக்கவில்லை. சக்தி வருகிறது என்று நம்பினான், உடம்பு அதற்கு ஏற்றபடி நடந்தது. நம்பிக்கை இருந்தால் காந்தம் இல்லாமலும் விளைவு வரும், நம்பிக்கை இல்லாவிட்டால் 'காந்தம்' இருந்தும் ஒன்றும் நடக்காது என்பதுதான் அந்தக் குழு எழுதிய முடிவின் சாரம்.

1796இல் அமெரிக்காவில் பேர்கின்ஸ் என்ற வைத்தியர் இரண்டு உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை எடுத்தார். நோ உள்ள இடத்தில் தடவினால் கெட்ட மின்சாரத்தை இழுத்து எடுக்குமாம். அவை லண்டனில் 5 கினி விலைக்குப் போயின. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஹேகார்த் என்ற வைத்தியர் மரத்தில் அதே மாதிரிக் கம்பிகளைச் செய்து, நிறம் பூசி, வாத நோயாளிகள் 5 பேருக்குத் தடவினார். 4 பேருக்கு நோ குறைந்தது! அடுத்த நாள் உண்மையான உலோகக் கம்பிகளால் தடவியபோதும் அதே பலன்தான். மரம் மின்சாரத்தை இழுக்காது என்பதை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

இலவச முகாமில் படுத்து எழும்பி "இப்ப லேசா இருக்கு" என்று சொல்கிற எங்கள் சனமும் பொய் சொல்வதில்லை. இதமான சூடு, படுத்து ஓய்வெடுத்த அரை மணித்தியாலம், அன்பாகக் கதைக்கிற ஒரு பிள்ளை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லும் நல்ல வார்த்தை. இவ்வளவும் சேர்ந்தால் யாருக்கும் நோ கொஞ்சம் குறையும். ஆனால் இரத்தத்தில் இருக்கிற சீனி இப்படிக் குறையாது. தேய்ந்த குருத்தெலும்பும் திரும்ப வளராது.

20ஆம் நூற்றாண்டில் மின் அதிர்வு மெசின்கள் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்பவர் ஒரு துளி இரத்தத்தை வைத்தே எல்லா நோயையும் கண்டுபிடிப்பதாகவும், ஒவ்வொரு நோய்க்கும் உரிய அதிர்வைக் கொடுத்துக் குணப்படுத்துவதாகவும் சொன்னார். மெசினை வாடகைக்குக் கொடுப்பார், ஆனால் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1923, 1924 ஆண்டுகளில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகை இதை நீண்ட காலம் விசாரித்து, எந்தப் பயனும் இல்லை என்று எழுதியது. பெட்டிக்குள் இருந்தது அர்த்தமில்லாமல் இணைத்த வயர்கள். இன்றைய விளம்பரங்களில் வருகிற 'உங்கள் உறுப்பின் பிரீகுவன்சி' என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

அப்படியென்றால் மின்காந்த வைத்தியம் முழுக்கப் பொய்யா? இல்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

1831இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்த விதியை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. 1990இல் நாங்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் இருந்த காலத்தில், இங்கே கரண்டும் பற்றரியும் இல்லாமல் இருந்த எங்கள் தமிழ் உறவுகள் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். மாறுகிற காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும். அதே விதிப்படி, உடம்புக்கு வெளியே ஒரு சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தினால், உடம்புக்குள்ளும் சிறிய மின்னோட்டம் உண்டாகும்.

எலும்பை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் புக்காடாவும் யசுடாவும் 1957இல் காட்டினார்கள். நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாசெட் என்ற எலும்பு வைத்தியர் அந்த வழியில் போனார். பொருந்தாமல் நின்ற எலும்பு முறிவுகளுக்கான காந்தத் துடிப்புக் கருவிக்கு 1979இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கர் குழுவினர் தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மருந்துக்குக் குறையாத மனச்சோர்வுக்கு அந்த முறை 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவற்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வருத்தத்துக்கு. எல்லா வருத்தத்துக்கும் ஒரே மெசின் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை.

அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. மூளையைத் தூண்டும் சுருளின் பக்கத்தில் காந்தப்புலம் ஒன்றரை, இரண்டு டெஸ்லா வரை போகும். நாங்கள் நிற்கிற இந்த மண்ணில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சில காந்தப் பாய்களின் அளவு பூமியின் புலத்தோடு ஒப்பிடக்கூடியதுதான். 'இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட வைக்கும்' என்பதும் பிழை. இரத்தத்து இரும்பு ஆணி இரும்பு மாதிரி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுமென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் போன ஒருவரும் உயிரோடு வெளியே வரமாட்டார்.

முழங்காலுக்கு என்ன சொல்கிறார்கள்? 2013இல் கொக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு மின்காந்த வைத்தியம் செய்து பார்த்த 9 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. மொத்தம் 636 பேர். போலி மெசின் கிடைத்தவர்களைவிட உண்மையான மெசின் கிடைத்தவர்களுக்கு, நூற்றுக்கு அளக்கும் நோவில் சுமார் 15 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நடப்பது, இருந்து எழும்புவது போன்றவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. நோவுக்குக் கொஞ்சம் உதவலாம், சுஜூதுக்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். காப்பு ஈட்டுக்குப் போகவில்லை.

'அமெரிக்கா அங்கீகரித்தது' என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். பெங்களூரில் உருவான 'சைட்டோட்ரான்' என்ற கருவிக்கு 2019இல் அமெரிக்க அமைப்பு ஒரு தகுதி கொடுத்தது. பரிசீலனையை விரைவாக்குவதற்கான தகுதி அது. குணப்படுத்தும் என்ற சான்றிதழோ, விற்பனை அனுமதியோ அதற்குள் அடங்காது. விளம்பரத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

எங்கள் மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் வந்தது. வைத்தியத்தை நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்ல முடியும் என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே காட்டப்பட்ட ஊர் இது. இங்கே வந்து 'குவாண்டம்', 'பயோ எனர்ஜி' என்று சொல்கிறவரிடம், "தம்பி, அதைத் தமிழில் விளங்கச் சொல்லுங்கோ" என்று கேட்க எங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இன்னும் நான்கு விஷயம் கேளுங்கள்.

1. இது எந்த ஒரு வருத்தத்துக்கு? எல்லாவற்றுக்கும் என்றால் அங்கேயே எழும்பி வாருங்கள்.

2. மெசினை அணைத்து வைத்து, நோயாளிக்குத் தெரியாமல் சோதித்துப் பார்த்தார்களா? யார், எங்கே?

3. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் இது மருத்துவக் கருவியாகப் பதிவாகி இருக்கிறதா? பதிவு இலக்கம் என்ன?

4. சுகம் வராவிட்டால் காசைத் திருப்பித் தருவதாக எழுத்தில் தருவார்களா?

எந்த மெசின் வீட்டுக்கு வந்தாலும் இன்சுலினையும் பிரஷர் குளிசையையும் நிப்பாட்டாதீர்கள். இன்சுலினை நம்பி இருக்கிற ஒருவர் அதை விட்டால் சில நாட்களிலேயே உயிராபத்து வரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் இந்த மெசின்களுக்குக் கிட்டப் போகக் கூடாது. முழங்காலுக்கும் நாரிக்கும் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, இயன்மருத்துவப் பிரிவில் சொல்லித் தருகிற பயிற்சிகளை நாளாந்தம் செய்யுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

இன்சுலினைப் பற்றிக் கேட்ட அந்தத் தாய் ஊசியைத் தொடர்ந்து போடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் தெருவிலும் இப்படி யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.