முன் டயர் தேயுற கதை: தேரிலிருந்து ஜீப் வரை

போன ஐப்பசியில் என் பிக்கப்புக்கு முன் டயர் ரெண்டையும் மாத்தினேன். ரெண்டு வருஷத்துல இது மூணாவது ஜோடி. பின் டயரை ஒரே ஒரு தடவைதான் மாத்தியிருக்கேன். ஒரு ஜோடி 14,000 ரூபாய். வாழைத்தார் விக்குற விலையில 14,000 ரூபாய்னா என்னன்னு டவுன்ல இருக்குறவங்களுக்குச் சொன்னா புரியாது, விடுங்க.

காசு மட்டும் போயிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன். எங்க கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்குற பாதையில 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் சாயங்காலம் மழையில தார் ஏத்திக்கிட்டு இறங்குறேன். ஒரு வளைவுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சும் வண்டி திரும்பாம நேரா தடுப்புச்சுவரைப் பார்த்துப் போகுது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்னுச்சு. இறங்கிப் பார்த்தா முன் டயர் ரெண்டும் ஓரத்துல மொட்டை. போட்டு 11,000 கிலோமீட்டர்தான் ஆச்சு.

டவுன்ல அலைன்மென்ட் பார்க்குற இடத்துல ரெண்டு தடவை காசு கட்டியாச்சு. கம்ப்யூட்டர்ல பச்சைக் கோடு காட்டி எல்லாம் சரின்னு அனுப்பிட்டாங்க. கடைசியா சேந்தமங்கலத்துல ஒரு பழைய ஜீப் மேஸ்திரிகிட்ட போனேன். எழுபது வயசு தாண்டினவர். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கலை. கழட்டிப் போட்ட டயரை உள்ளங்கையால இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார்.

"தம்பி, டோ-இன் தப்புன்னா டயர் ரம்பம் மாதிரி கையைப் பிடிக்கும். வெளியிலிருந்து உள்ளே தடவுனா வழுவழுன்னு போகும், திருப்பித் தடவுனா பிடிக்கும். கேம்பர் போச்சுன்னா ஒரு ஓரம் மட்டும் தேயும். பேரிங்கோ ஷாக்கோ போச்சுன்னா அங்கங்க குழி விழும். இதுல ரெண்டு டயர்லயும் ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. காத்து கம்மியா?"

"இல்லைங்க மேஸ்திரி, வாராவாரம் பார்க்குறேன்."

"அப்ப ஃபோர் வீல் லீவரை எங்க போடுற, எங்க எடுக்குற?"

எனக்குப் பதில் வரலை. ஏன்னா நான் எடுக்குறதே இல்லை. நாலு சக்கரமும் இழுத்தா மலைப்பாதையில பிடிமானம்னு நினைச்சு, தோட்டத்துச் சேத்துல போட்ட லீவரை அப்படியே விட்டுத்தான் தார் ரோட்டுலயும் இறங்கிக்கிட்டு இருந்தேன். அவர் திட்டினதை இங்க எழுத முடியாது. ஆனா அவர் சொன்ன ஒரு விஷயம் மண்டையில ஒட்டிக்கிச்சு: "திருச்செங்கோட்டுத் தேர் திரும்புறதைப் பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கேன். நீங்களும் உங்க ஊர்ல பார்த்திருப்பீங்க. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. நாலு சக்கரமும் நேராத்தான் உருளும். தெருமுனை வந்தா சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டு, இழுத்து, அரைச்சு அரைச்சுத்தான் திருப்புவாங்க. சக்கரம் உருளாம வழுக்குது. அந்த மூலையில ரோடு உழுத மாதிரி கிடக்கும். ரெட்டைமாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏன்னா அதுக்கு இருக்குறதே ரெண்டு சக்கரம், ஒரு அச்சு. நாலு சக்கரம் வந்ததிலிருந்துதான் வம்பு.

ஐரோப்பாவுல குதிரை வண்டிக்காரங்க முன் அச்சை அப்படியே நடுவுல ஒரு ஆணியில சுழல விட்டாங்க. சக்கரம் வழுக்காது. ஆனா நல்லா ஒடிச்சுத் திரும்பும்போது முன் அச்சு வண்டிக்குக் குறுக்கே போயிடும், தாங்குறதுக்கு அகலம் இருக்காது, வண்டி சாய்ஞ்சிடும். இதுக்கு மாற்று கண்டுபிடிச்சவர் மியூனிக்ல இருந்த லாங்கன்ஸ்பெர்கர்ங்கிற வண்டி செய்யுறவர். அச்சை அப்படியே விட்டுட்டு, அதோட ரெண்டு முனையில சக்கரத்தை மட்டும் தனித்தனியா திருப்புற வழி. 1818-ல லண்டன்ல இதுக்கு உரிமம் வாங்கினது அவரோட ஏஜென்ட் ருடால்ஃப் ஆக்கர்மன், படம் அச்சடிச்சு விக்குற வியாபாரி. இன்னிக்கு உலகம் முழுக்க அது ஆக்கர்மன் ஸ்டியரிங். உழைச்சவன் பேரு போய் கமிஷன்காரன் பேரு நிக்குறது மண்டியில மட்டும் நடக்குற விஷயம் இல்லை போல. சார்லஸ் டார்வினோட தாத்தா எராஸ்மஸ் டார்வின் இதே யோசனையை அதுக்கு 60 வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கார். உரிமம் வாங்காம விட்டுட்டார்.

அப்புறம் 1878-ல பாரிஸ்ல ஜாந்தோன்னு ஒருத்தர், உள்பக்கச் சக்கரம் எவ்வளவு கூடுதலா ஒடியணும்னு கணக்கு போட்டு அந்தக் கம்பிகளுக்கு ஒரு வடிவம் கொடுத்தார். கார்ல் பென்ஸ் 1886-ல உரிமம் வாங்கின முதல் கார் மூணு சக்கரம். முன்னாடி ரெண்டு சக்கரத்தை ஒழுங்கா திருப்புறது எப்படின்னு அவருக்குப் பிடிபட்டது 1893-லதான்.

இது முன் சக்கரம் ரெண்டுக்கும் உள்ள பஞ்சாயத்து. முன்னுக்கும் பின்னுக்கும் இன்னொரு பஞ்சாயத்து இருக்கு, நாலு சக்கரமும் இழுக்க ஆரம்பிச்சப்புறம்தான் அது வெளிய வந்துச்சு. 1940-ல அமெரிக்க ராணுவம் சின்னதா ஒரு ஃபோர் வீல் வண்டி வேணும்னு கேட்டப்போ, பான்டம்ங்கிற சின்ன கம்பெனி 49 நாள்ல மாதிரி வண்டியைச் செஞ்சு நிறுத்திச்சு. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து யுத்தம் முடியுறதுக்குள்ள 6 லட்சத்துக்கு மேல அடிச்சுத் தள்ளினாங்க. அந்த ஜீப்லயே முன் அச்சைத் துண்டிக்க லீவர் வச்சாங்க. சேத்துக்கும் மணலுக்கும் போடு, கெட்டி ரோட்டுல எடுத்துடுங்கிறதுக்குத்தான் அது. யுத்தம் முடிஞ்சு மிலிட்டரி ஜீப்பெல்லாம் விவசாயிங்க கைக்கு வந்தப்புறம், 1948-ல ஆர்தர் வார்ன்ங்கிறவர் முன் சக்கரத்து நடுவுல திருகி விடுற ஹப்பையும் செஞ்சு வித்தார். ரோட்டுல ஓடும்போது முன் அச்சு சும்மா சுத்தக்கூட வேண்டாம்னு. இங்க பம்பாயில மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது 1947-ல. நம்ம மலைங்கள்ல ஓடுற ஜீப், பிக்கப் வம்சமெல்லாம் அங்கிருந்து இறங்கினதுதான்.

லீவரை எடுக்கலைன்னா என்ன ஆகும்னு ராத்திரி உட்கார்ந்து கணக்கு போட்டேன். பள்ளிக்கூடத்துல படிச்ச பித்தகோரஸ் இதுக்காவது உதவட்டும்னு. வளைவுல பின் அச்சோட நடு 6 மீட்டர் ஆரத்துல திரும்புதுன்னு வச்சுக்குங்க. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல 3 மீட்டர். அப்ப முன் அச்சோட நடு 6.7 மீட்டர் ஆரத்துல போகும். அரை வட்டத்துக்குப் பின் அச்சு நடக்குறது 18.8 மீட்டர், முன் அச்சு 21. ஒரு வளைவுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல வித்தியாசம். லீவர் போட்டிருந்தா ரெண்டு அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒண்ணாக் கட்டிப்போட்டிருக்கும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தணும். அந்த ரெண்டு மீட்டரை டயர்தான் ரோட்டுல அரைச்சுத் தீர்க்கணும். இடது வளைவும் வலது வளைவும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும்னு நினைக்காதீங்க, எப்படித் திரும்பினாலும் முன் சக்கரத்துக்குத்தான் தூரம் கூட. 70 வளைவுக்கு 150 மீட்டர். வாரத்துல மூணு நடை, ஏற இறங்க. திரும்புறது முன் சக்கரம்ங்கிறதால ஓரமா சாய்ஞ்சு அரைபடுறதும் அதுதான். சேத்துல இந்த வழுக்கலை மண்ணு வாங்கிக்கும், தார் வாங்காது.

அன்னிக்கு வண்டி ஏன் சுவரைப் பார்த்து நேரா போச்சுன்னும் அப்பத்தான் புரிஞ்சுது. முன் சக்கரம் கூடுதல் தூரம் போகணும், ஆனா பின்னாடி இருக்குறது இழுத்துப் பிடிக்குது. மழையில டயர் பிடியை விட்டுட்டு நேரா தள்ளிட்டு போயிடுச்சு. நான் பிடிமானத்துக்குன்னு போட்டது அந்த லீவர்.

இப்ப தோட்டத்து வாசல்ல, தார் ரோடு ஆரம்பிக்குற இடத்துல ஒரு கல்லுல சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். அங்க நிறுத்தி லீவரை எடுத்து, வண்டியைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்திட்டுத்தான் இறங்குறது. முறுக்கிக்கிட்டு இருந்தா சில நேரம் லீவர் வராது, பின்னாடி எடுத்தா இளகிடும். பையன் ஓட்டினாலும் அதே சட்டம்.

இந்த ஜோடி 9,000 ஓடியிருக்கு. ஓரம் அப்படியே இருக்கு. இடது டயர்ல மட்டும் வெளியே தடவினா லேசா ரம்பம் மாதிரி கையைப் பிடிக்குது. டை ராட் எண்ட்ல ஆட்டம் இருக்கும்போல. சனிக்கிழமை சந்தைக்குப் போறப்போ மேஸ்திரிகிட்ட காட்டணும்.