கூடாரம் போட்ட காதலன்

பழைய காதல் படங்கள் இன்றைய பிள்ளைகளுக்கு எதற்கு? பாட்டுக்காகப் பார்க்கலாம் என்பார் சிலர். நகைச்சுவைக்காக என்பார் வேறு சிலர். நெல் வயலும் ரப்பர் மரமும் அடுத்தடுத்து நிற்கும் பெண்டாங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பப் பிள்ளைகளுக்கோ இன்னொரு காரணமும் உண்டு. அவர்களின் தாத்தா பாட்டி வாழ்ந்த வாழ்க்கையின் ஒரு கதவு அங்கே திறக்கிறது.

‘காதலிக்க நேரமில்லை’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1964இல் ஸ்ரீதர் இயக்கத்தில், ஈஸ்ட்மென் கலரில் வந்தது. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி இன்றும் சிரிக்க வைக்கிறது. கதாநாயகன் ரவிச்சந்திரனுக்கு அதுவே முதல் படம். அவர் பிறந்தது கோலாலம்பூரில்!

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1963 டிசம்பர் இறுதியில்தான். தோட்டத்து லயங்களில் அன்று ஏது பெட்டி? படம் பார்க்க வேண்டுமென்றால் பட்டணத்துத் தியேட்டருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் திடலில் கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

அந்தக் கண்களுக்கு இந்தப் படம் வெறும் காதல் கதையாக மட்டுமா தெரிந்திருக்கும்? கதையே ஓர் எஸ்டேட்டில்தானே நடக்கிறது! நாயகன் அங்கே உதவி மேனேஜர். முதலாளி அவனை வேலையிலிருந்து நீக்குகிறார். அவனோ முதலாளியின் பங்களா எதிரிலேயே கூடாரம் போட்டு, வேலையைத் திரும்பக் கேட்டு ஆடிப் பாடுகிறான்.

இன்று முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைக்கு அது வேடிக்கை. தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அதன் பொருளே வேறு. அங்கே வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. தங்கியிருந்த லயத்து வீடும் சேர்ந்தே போகும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது, அந்த அச்சம் பல குடும்பங்களுக்கு உண்மையானது.

படத்தில் நாயகன் எப்படித் தப்பிக்கிறான்? கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்கிறான். நண்பன் முத்துராமன் அப்பாவாக வேடம் போடுகிறார். சிரிப்போடு சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பால்வெட்டுத் தொழிலாளிக்கு அப்படி வேடம் போட வழியேது? அவர்கள் வேறு வழி தேடினார்கள். துன் வீ.தி.சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில், 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். வேலை கேட்டு நின்ற கைகள் தோட்டத்தையே வாங்கின என்றால் மிகையாகாது.

படத்தில் எஸ்டேட் இருக்கிறது, பங்களா இருக்கிறது. ஆனால் அங்கே உழைக்கும் கூலித் தொழிலாளியின் வாழ்க்கைக்குக் கதையில் இடமில்லை. அந்த மீதிக் கதை நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

ஆகவே, இந்தப் படத்தை முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைகள் தனியாகப் பார்க்க வேண்டாம். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூடாரக் காட்சி வந்ததும் படத்தைச் சற்று நிறுத்தி, “பாட்டி, அப்போ நம்ம வீட்டுல யாருக்காச்சும் வேலை போயிருந்தா எங்க போயிருப்பீங்க?” என்று கேளுங்கள்.

பதில் படத்தைவிட நீளமாக இருக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள்.