பத்து ராகமும் மூன்று பெட்டியும்

1982-ல் எச்.எம்.வி. ஒரு எல்.பி. தட்டு வெளியிட்டது. பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். தட்டு விற்கவில்லை. கல்யாண வீட்டில் போட அது சினிமாப் பாட்டு இல்லை. கச்சேரி ரசிகர்கள் வாங்க அதில் சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. பைரவி, லலித், தோடி, யமன் என்று பத்து ராகங்கள். அத்தனைக்கும் அடியில் நிற்காமல் ஓடும் டிஸ்கோ தாளம். அவ்வளவுதான் தட்டு.

சரண்ஜித் சிங்கை நீங்கள் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். 1971-ல் வந்த 'தம் மாரோ தம்' பாட்டில் டிரான்ஸிகார்ட் என்ற மின் அக்கார்டியன் வாசித்தவர் அவர்தான். ஆர்.டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று எல்லாரிடமும் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்து சினிமா வாத்தியக்காரர்களுக்கு உறையில் பெயர் வராது. நோட்டைப் பார்த்து வாசித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவருக்கோ புதிதாக எந்த வாத்தியம் வந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்படித்தான் சிங்கப்பூரில் ரோலண்ட் கம்பெனியின் புதுக் கருவிகளை வாங்கிவந்தார்: ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளப் பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி.

அப்போது இந்திப் படம் முழுக்க டிஸ்கோ. அந்தத் தாளத்தையே வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்யலாமே, தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தத் தாளத்தை விட்டு மேலே ராகம் வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தட்டு பிறந்தது அந்த யோசனையில். ஆனால் யோசனை நடக்கக் காரணம் அந்தப் பெட்டிகள். அவற்றின் கதை ரோலண்ட் கம்பெனிக்கு இருநூற்றைம்பது வருஷம் முன்னாலேயே, பட்டு நெய்யும் ஓர் ஊரில் தொடங்குகிறது.

பெரணமல்லூரிலோ ஆரணியிலோ தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு டிஆர்-808-ஐ அதிகம் விளக்க வேண்டியதில்லை. முன்பக்கம் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். அமுக்கி விளக்கு எரிந்தால் அந்த இடத்தில் அடி விழும், எரியாவிட்டால் மௌனம். பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியிலும் இதே சங்கதிதான். மிதியை அழுத்தினால் ஓர் அட்டை ஊசி வரிசைமேல் வந்து பதியும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி கத்தியில் மாட்டி மேலே ஏறும், கூடவே பாவு இழையும் ஏறும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். ஏறிய இழைக்கும் ஏறாத இழைக்கும் நடுவே நாடா ஓடும். அட்டைகள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. கடைசி அட்டை போனதும் முதல் அட்டை வரும், கரையில் அதே அன்னம் மறுபடி முளைக்கும்.

இந்த அட்டை முறை பிறந்தது பிரான்ஸின் லியோன் நகரத்தில். 1725-ல் பசில் பூஷோன் என்ற தொழிலாளி ஓட்டை போட்ட காகிதத்தால் தறி இழைகளைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் செய்தார். அவருடைய அப்பா ஆர்கன் வாத்தியம் செய்பவர். தானாக வாசிக்கும் ஆர்கன்களில் ஓர் உருளையில் முளைகள் அடித்திருப்பார்கள். உருளை சுற்றச் சுற்ற முளை பட்ட குழல் ஊதும். எந்த முளை எங்கே வரவேண்டும் என்று முதலில் காகிதத்தில்தான் குறித்துக்கொள்வார்கள். பட்டறையில் அந்தக் காகிதத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தறியைப் பார்த்ததும் அது ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? சில வருஷத்தில் ஃபால்கோன் என்பவர் காகிதத்தை அட்டையாக்கினார். 1738-ல் பாரிஸில் நிஜமாகவே காற்றை ஊதி, விரலை அசைத்துப் புல்லாங்குழல் வாசிக்கும் ஆளுயரப் பொம்மையைக் காட்டி ஊரையே அசத்தினார் வோகான்சோன். அந்தப் பொம்மைக்குள்ளும் முளை உருளைதான். அரசாங்கம் 1741-ல் அவரைப் பட்டு ஆலைகளுக்கு மேற்பார்வையாளர் ஆக்கியது. அவரும் தானாக இழை தேரும் ஒரு தறி செய்தார். இவர்கள் எல்லாரும் செய்ததைச் சேர்த்து, வேலைக்கு ஆகும்படி செய்துகொடுத்தவர்தான் 1804-ல் ஜோசப் மரி ஜக்கார்டு. அவர் பெயர்தான் நம் தறிமேடை வரைக்கும் வந்து நிற்கிறது.

பாட்டிலிருந்து தறிக்குப் போனது மறுபடி பாட்டுக்கே திரும்பியது. 1892-ல் பாரிஸின் கவியோலி கம்பெனி, மடித்து வைத்த ஓட்டை அட்டைப் புத்தகத்தால் வாசிக்கும் ஆர்கனுக்குக் காப்புரிமை வாங்கியது. அந்த அட்டை அச்சு அசல் தறி அட்டை மாதிரியே இருக்கும். அப்புறம் ஓட்டை போய் மின்சாரம் வந்தது. 'உண்டு, இல்லை' என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. 808-ன் பதினாறு பொத்தானும் அந்தக் கணக்குதான்.

303 இன்னும் விசித்திரமான பெட்டி. பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிடார்காரர்களுக்குத் துணையாக விற்ற கருவி. அதில் சுரங்களை முதலில் வரிசையாகப் பதியவேண்டும். எது எவ்வளவு நேரம் என்பதை அப்புறம் தனியாகப் பதியவேண்டும். பழக்கமில்லாதவருக்குத் தலை சுற்றும். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: ஒரு சுரத்துக்கு 'சறுக்கு' என்று குறித்துவிட்டால் அறுபடாமல் அடுத்த சுரத்துக்கு இழையும். இந்த இழைப்பு ராகக்காரருக்குச் சொந்த ஊர் பாஷை.

பத்து ராகத்தில் பாதியை நமக்குத் தெரிந்த பெயரில் சொல்லலாம். பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், யமன் கல்யாணி, கலாவதி வலஜி, பைராகி ரேவதி. இதில் யமன் தவிர நான்கும் ஐந்து சுர ராகங்கள். பெட்டிக்குள் அடங்குகிற சின்னச் சுற்றுக்கு ஐந்து சுரம் தோதானது என்று அவர் வேண்டுமென்றே தேர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். கீழே பெட்டிகள் தம்பாட்டுக்குச் சுற்ற, மேலே ஜூபிடரில் அவர் கை ஆலாபனை மாதிரி தொடங்கி, பிறகு தானமாக வேகம் பிடிக்கும். மெஷின் வாசித்தது என்று இந்தத் தட்டை ஒதுக்கியவர்கள் அந்தக் கையைக் கேட்கவில்லை. ஜக்கார்டு பெட்டி வந்ததால் நெசவாளி சும்மா உட்கார்ந்துவிட்டாரா? டிசைனை நினைவில் வைக்கும் பாரம் போனது. ஊடையை எந்த இறுக்கத்தில் அடிப்பது, ஜரிகையை எங்கே விடுவது என்பது இன்றைக்கும் கையில்தான் இருக்கிறது. சரண்ஜித் சிங்கிடமிருந்தும் பெட்டிகள் வாங்கிக்கொண்டது அந்தப் பாரத்தைத்தான்.

1987-ல் சிகாகோ இளைஞர்கள் சிலர் இதே 303-ஐத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையே அதிலிருந்து கிளம்பியது. எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2002-ல் டெல்லிக் கடையொன்றில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து 2010-ல் மறுபதிப்புப் போட்டதும், உலகம் ஐந்து வருஷக் கணக்குப் பார்த்து, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவரே என்று கொண்டாடியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டவர்கள் இல்லை, இவர் போன வழியும் வேறு. அவர்கள் பெட்டியின் சத்தத்தையே பாட்டாக்கினார்கள். இவர் பெட்டியை ராகத்துக்கு வேலை செய்ய வைத்தார். அதற்காகவே கொண்டாடலாம். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசை தந்து நாம் வாய்பிளந்ததற்கு நான்கு வருஷம் முன்னால், ஒரு ஸ்டூடியோ வாத்தியக்காரர் மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு இதைச் செய்து முடித்திருந்தார்.

மறுபதிப்புக்குப் பின் எழுபது வயதில் அவர் வெளிநாட்டு மேடைகளில் இதே ராகங்களை வாசித்தார். கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தட்டு வந்தபோது பிறந்திராதவர்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். கேட்கத் தொடங்குகிறவர்கள் கலாவதியிலிருந்து தொடங்கலாம். வலஜி தெரிந்த காதுக்கு முதல் நிமிஷத்திலேயே வழி பிடிபட்டுவிடும்.