நீர்வேலியும் அயலூர்களும்: மரவழி ஊர்ப்பெயர்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். இருபாலையில் பாலை மரம், ஆவரங்காலில் ஆவரை, வீதி முடியும் துறையில் பருத்தி. நடுவே கிடக்கும் நீர்வேலியின் பெயருக்குள் மரம் உண்டா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

'வேலி' என முடியும் ஊர்கள் குடாநாட்டில் வேறும் உள்ளன: அச்சுவேலி, சங்குவேலி, திருநெல்வேலி, கட்டைவேலி. சோழநாட்டில் 20 மா நிலம் ஒரு வேலி. ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அந்த அளவே ஊர்ப்பெயராயிற்று என்று கொள்வது கடினம். யாழ்ப்பாணத்தார் காணியைப் பரப்பாலும் குழியாலும் அளப்பவர்கள். வயலைக் குறிக்கும் 'வெல' என்ற சிங்களச் சொல்லோடு இந்த ஈற்றை ஒப்பிட்டவர்களும் உண்டு. மூன்றாவது விளக்கம் வேல மரம். சென்னையை அடுத்த திருவேற்காடு வேல மரத்தால் பெயர் பெற்றது என்பதில் ஐயமில்லை. தீவகத்து வேலணையையும் அப்படி விளக்குவதுண்டு. ஆனால் 'நீர்' என்ற முன்சொல்லோடு வேல மரம் இயல்பாகப் பொருந்தவில்லை. பழைய வழக்கில் வேலிக்கு நிலம், ஊர் என்ற பொருள்களும் உண்டு. நீர்வேலியின் கிழக்குப் பக்கம் தரவையாகித் தாழ்ந்து உப்பாற்றுக் கடல்நீரேரியை நோக்கிச் சரிகிறது; மேற்கே செம்மண் தோட்டம். வாய்க்கால்தரவைப் பிள்ளையார் கோயிலின் பெயரே அந்த நிலத்தின் குறிப்பு. நீரை அண்டிய அடைப்புநிலம் என்ற நேர்ப்பொருளே இங்கு வலுவானது.

அதற்காக மரத்தை விலக்கிவிடவும் முடியாது. யாழ்ப்பாணத்து வேலி உயிருள்ளது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக வெட்டி மாரி ஈரத்தில் நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும். அவற்றோடு கிடுகையோ பனையோலையையோ சேர்த்துக் கட்டி வேலி அடைப்பார்கள். வெட்டும் குழை ஆட்டுக்குப் போகும். மிஞ்சியது தோட்டத்தில் தாழ்க்கப்பட்டுப் பசளையாகும். திருமண வீட்டுக் கன்னிக்காலுக்கும் இதே முள்முருக்குத்தான். வேலி எல்லை மட்டுமன்று, ஒடுங்கிய தோப்பும்கூட.

மரப்பெயர் தெளிவாக நிற்கும் ஊர்களில் பின்சொல்லைக் கவனிக்க வேண்டும். மருதங்கேணியில் மருதும் கேணியும் சேர்ந்தே வருகின்றன; மருது நீர்க்கரை மரம். நாவற்குழியில் நாவலும் பள்ளமும். கைதடியில் உள்ள 'கைதை' தாழையின் பழம்பெயர். ஈரமணலில் புதராகப் படரும் அதன் ஓலை பாய்க்கும் பெட்டிக்கும் உதவும். வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் நாட்டில் இத்தகைய பெயர்கள் நீர் தேடுவோருக்கு அடையாளமாகவும் இருந்திருக்கும். ஆவரை வேறு வகை. வறண்ட நிலத்துச் செடியான அதன் பட்டை தோல் பதனிடவும் பூ மருந்துக்கும் பயன்பட்டன. இலுப்பை விதை எண்ணெய் கோயில் விளக்குக்கு. பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, அரப்பாக, முழுக்கு நாளில் தலைக்கு. யாழ்ப்பாண நகரின் இலுப்பையடிச் சந்தி அந்த மரத்தின் பெயரைச் சுமக்கிறது.

இருபாலையை இரண்டு பாலை மரம் நின்ற இடம் என்பர். 'இரு' என்பதற்குப் பெரிய என்றும் பொருள் உண்டாகையால் ஒரே பெருமரமாகவும் இருக்கலாம். ஈழத்தில் பாலை என்றால் மஞ்சள் பழம் தரும் வன்மரம். வன்னிக் காட்டிலிருந்து கோடையில் வரும் அந்தப் பழத்தைத் தின்றால் உதட்டில் பால் ஒட்டும். இலக்கியத்துப் பாலை வேறு மரம் என்பதால், தமிழகத்து விளக்கத்தை அப்படியே இங்கு பொருத்தினால் பிழை நேரும்.

குடாநாட்டை நிறைத்த பனை, பேரூர்ப் பெயர்களில் அரிதாகவே வருகிறது. எங்கும் நிற்கும் மரம் ஓரிடத்தைப் பிரித்துக் காட்டாது. தனித்து நின்ற புளியும் வேம்பும் ஆலும் அதைச் செய்தன. புளியடி, வேம்படி, ஆலடி போன்ற பெயர்கள் இப்படிப் பிறந்தவை.

இப்பெயர்களை எழுத்தில் ஆராயும் முயற்சி பழையது. எஸ். டபிள்யூ. குமாரசுவாமியின் 'வட மாகாணத்துள்ள சில இடப்பெயர்களின் வரலாறு' 1918இல் வெளிவந்தது, ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' பின்னால் 1946இல் வந்தது. ஊர்ப்பெயருக்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது: காணிப்பெயர். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் என்ற பதிவேடுகளில் நிலங்கள் பதிவாயின. இன்றும் உறுதியொன்றை விரித்தால் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என வரிசையாக எழுதியிருக்கும். மரம் தறிபட்டு வீடு எழும்பிய வளவும் உறுதியில் பழைய மரத்தின் பெயராலேயே கைமாறுகிறது.