முதல் மின்சிகரெட்டும் நிக்கோட்டின் அளவும்: புகைவிடுதலில் கருவித் தேர்வு குறித்த ஒரு வாதம்

முன்னுரை

இங்கிலாந்தில் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு மின்சிகரெட் தொடக்கத் தொகுப்பை இலவசமாக வழங்கும் திட்டத்தை 2023 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுநெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, புகைவிடுதலுக்கு உதவும் வழிகளுள் ஒன்றாக நிக்கோட்டின் மின்சிகரெட்டையும் சேர்த்திருந்தது. இவ்வாறு ஒரு கடைச்சரக்கு சிகிச்சைக் கருவியின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் கடைச்சரக்குக்கு உரியதாகவே இருக்கிறது. சுவை, விலை, தோற்றம், நண்பர் வைத்திருப்பது என்ற அடிப்படைகளில்தான் பலர் தம் முதல் கருவியை வாங்குகிறார்கள்.

முதல் கருவியைத் தேர்வது மருந்தின் அளவை முடிவுசெய்வதற்கு ஒப்பான செயல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. புகைத்துப் பழகிய உடலுக்குத் தேவையான நிக்கோட்டினை முதல் வாரத்திலேயே, போதிய வேகத்தில் ஒரு கருவி தருகிறதா என்பதே முதன்மை அளவுகோல். “குறைவாகத் தொடங்குவது பாதுகாப்பு” என்னும் பரவலான எண்ணம் இந்த இடத்தில் புகைப்பவருக்குத் தீங்கு செய்கிறது. இந்த வாதம் ஏற்கெனவே புகைக்கும் வயதுவந்தோருக்கு மட்டுமே பொருந்தும். புகைக்காத ஒருவர் மின்சிகரெட்டைத் தொடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புகையும் நிக்கோட்டினும்

லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்துறையின் அடிப்படையை வகுத்துக் கொடுத்தார். மக்களைப் புகைக்கு இழுப்பது நிக்கோட்டின். அவர்களைக் கொல்வது புகையில் உள்ள தார் என்பதே அவர் சொன்னதன் சாரம். புகையிலை எரியும்போது எழும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் நுரையீரல் அடைப்பு நோய்க்கும் பெருமளவு காரணமாகின்றன. மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. திரவம் சூடேறி ஆவியாகிறது. அந்த ஆவியை நீண்டகாலம் இழுப்பதால் வரும் தீங்கு, புகையால் வரும் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2016இல் மதிப்பிட்டது. இந்த எண்ணை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் புகையோடு ஒப்பிட ஆவியின் தீங்கு கணிசமாகக் குறைவு என்பதில் பிரிட்டிஷ் மருத்துவ அமைப்புகளிடையே பெரிய வேறுபாடு இல்லை.

இங்கு முக்கியமானது வேறொரு உண்மை. ஒரு சிகரெட்டிலிருந்து உடல் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிகிராம் நிக்கோட்டினை உறிஞ்சுகிறது. இழுத்த 10 முதல் 20 நொடிகளில் அது மூளையை எட்டிவிடுகிறது. நீண்டநாள் புகைப்பவர் தம்மை அறியாமலே இந்த அளவைக் காத்துக்கொள்கிறார். குறைந்த நிக்கோட்டின் கொண்ட சிகரெட்டைக் கொடுத்தால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார். ‘லைட்’ சிகரெட்டுகள் யாரையும் காப்பாற்றாமல் போனதற்கு இதுவே காரணம். போதிய நிக்கோட்டின் தராத மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பவருக்கும் இரண்டே வழிகள்தான்: இன்னும் அதிகமாக ஆவியை இழுப்பது, அல்லது சிகரெட்டுக்குத் திரும்புவது.

சான்றுகள் காட்டும் திசை

சீன மருந்தியலாளர் ஹான் லிக் இன்றைய மின்சிகரெட்டை 2003இல் உருவாக்கினார். முதல் தலைமுறைக் கருவிகள் வடிவில் சிகரெட்டை ஒத்திருந்தன, செயலில் ஒக்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஐசன்பெர்க் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய இரு கருவிகளைப் புகைப்பவர்கள் பத்து முறை இழுத்த பிறகும் இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறக்குறைய உயரவே இல்லை. 2014இல் கிரேக்க ஆய்வாளர் ஃபார்சலினோஸ் குழுவினர், ஒரே திரவத்தைப் பழைய கருவியிலும் புதிய தலைமுறைக் கருவியிலும் ஊற்றி ஒப்பிட்டனர். புதியதில் இரத்த நிக்கோட்டின் 35 முதல் 72 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. புட்டியில் அச்சிட்ட எண் ஒன்றாகவே இருந்தும் உடலுக்குப் போன அளவைக் கருவி மாற்றிவிட்டது.

இரு பெரும் மருத்துவச் சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நியூசிலாந்தில் 657 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனை, சிகரெட் வடிவக் கருவியைப் பயன்படுத்தியது. ஆறு மாத முடிவில் நிக்கோட்டின் மின்சிகரெட் பெற்றவர்களில் 7.3 சதவீதமும், நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை பெற்றவர்களில் 5.8 சதவீதமும் புகையை விட்டிருந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத் தக்கதாக அமையவில்லை. பீட்டர் ஹாயெக் தலைமையில் பிரிட்டனின் புகைவிடுதல் சேவைகளில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனை, திரவம் நிரப்பும் கருவியையும் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் கொண்ட திரவத்தையும் கொடுத்தது. பின்னர் தமக்கு ஏற்ற செறிவையும் சுவையையும் அவர்களே தேட ஊக்குவித்தது. ஓராண்டு முடிவில் மின்சிகரெட் குழுவில் 18.0 சதவீதமும், ஒட்டுப்பட்டை, சூயிங்கம் முதலிய மாற்று நிக்கோட்டின் குழுவில் 9.9 சதவீதமும் புகையின்றி இருந்தனர்.

இவ்வேறுபாடு முழுவதையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. நாடு, ஆண்டு, ஆலோசனையின் அளவு எல்லாமே மாறியிருந்தன. பிரிட்டனில் நேருக்கு நேரான வாராந்தர ஆதரவும் சேர்ந்திருந்தது. ஆயினும் இரத்த அளவு ஆய்வுகளோடு சேர்த்து வாசிக்கும்போது திசை தெளிவாகிறது. நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட் நிக்கோட்டின் இல்லாததைவிட அதிகமானோரை விடுவிக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கண்ட முடிவும் இதையே வலுப்படுத்துகிறது. 88 ஆய்வுகளைத் திரட்டிய அத்தொகுப்பின் 2024 பதிப்பு, மாற்று நிக்கோட்டின் சிகிச்சையைவிட நிக்கோட்டின் மின்சிகரெட்டே மேம்பட்டது என்பதை உயர் உறுதிப்பாட்டுச் சான்றாக வகைப்படுத்துகிறது.

அளவை அறிந்து தேர்தல்

உடலுக்குப் போகும் நிக்கோட்டினைத் திரவத்தின் செறிவும், ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவத்தின் அளவும், இழுக்கும் முறையும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. குறைந்த மின்திறனில், ஒரு ஓமுக்கு மேற்பட்ட தடையுள்ள சுருளில் இயங்கும் கருவி, சிகரெட்டைப் போலவே முதலில் வாயில் தேக்கிப் பிறகு நெஞ்சுக்குள் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்குச் செறிவு மிக்க திரவம் வேண்டும். மின்திறன் மிகுந்த பெரிய கருவியோ நேராக நுரையீரலுக்குள் பெரும் ஆவியைத் தள்ளுகிறது. அதற்கு 3 மில்லிகிராம் செறிவே போதும். புதியவருக்கு முதல் வகையே பொருத்தம். இழுக்கும் முறை பழகியது; செலவாகும் திரவமும் குறைவு.

பிரிட்டிஷ் சட்டம் 2016 முதல் செறிவை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும், கருவியின் கொள்ளளவை 2 மில்லிலிட்டர் என்றும் வரையறுக்கிறது. உச்சச் செறிவில் முழுதாக நிரப்பினால் 40 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவர் உறிஞ்சும் 20 முதல் 30 மில்லிகிராமோடு இதை ஒப்பிட்டால், அச்சமூட்டும் அந்த ‘20’ கடும் புகைப்பவருக்கு மிகையான அளவு அன்று என்பது விளங்கும்; ஆவியில் உள்ளதெல்லாம் இரத்தத்தில் சேர்வதுமில்லை. சாதாரண நிக்கோட்டின் இச்செறிவில் தொண்டையை எரிக்கும். அமிலம் சேர்த்த நிக்கோட்டின் உப்பு அந்த எரிச்சலைத் தணிக்கிறது. முதல் இருமலிலேயே கருவியைத் தூக்கிப்போடுவோருக்கு இது பெரிய உதவி.

லின் டாக்கின்ஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட லண்டன் ஆய்வு, மின்சிகரெட் பயன்பாட்டில் அனுபவமுள்ள 20 பேருக்கு 6, 18 மில்லிகிராம் திரவங்களை மாறிமாறிக் கொடுத்தது. குறைந்த செறிவில் அவர்கள் அதிகம் இழுத்தனர், அதிகத் திரவம் செலவழித்தனர். ஃபார்மால்டிஹைடுக்கு ஆட்பட்டதன் அடையாளமும் சிறுநீரில் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் குறைந்த எண்ணே பாதுகாப்பு என்ற எண்ணத்தை இனி ஆராயாமல் ஏற்க முடியாது.

எவ்வளவு தேவை என்பதை அறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: எழுந்த எத்தனை நிமிடங்களில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் சார்பு வலுவானது. உயர்ந்த செறிவிலிருந்து தொடங்க வேண்டும். நாளுக்கு நாலைந்து மட்டும், அதுவும் மாலையில் புகைப்பவருக்கு அது தேவையில்லை. மின்கலம் தீர்ந்துபோகும் நேரத்துக்கு இரண்டாவது கருவி ஒன்றை வைத்திருப்பது, சுருளைக் காலத்தே மாற்றுவது, திரவத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது ஆகியவை இதற்கு அடுத்த நிலையில் வரும்.

வேறு மருந்துகள் உட்கொள்பவருக்கு இன்னொரு கவனமும் தேவை. புகை நின்றால் கல்லீரலின் ஒரு நொதி மந்தமாகிறது. அதனால் குளோசபின், தியோஃபிலின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் உயரக்கூடும். நிக்கோட்டினை வேறு வழியில் பெற்றாலும் இது நிகழும், ஏனெனில் அந்த நொதியைத் தூண்டியது புகையே. இத்தகைய நோயாளிக்குக் கருவியைக் கொடுக்கும் நாளிலேயே மருத்துவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. ஹாயெக் சோதனையில் மின்சிகரெட்டின் உதவியால் புகையை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் அதைப் பயன்படுத்தினர். மற்றக் குழுவில் 9 சதவீதத்தினரே தம் மாற்று நிக்கோட்டினைத் தொடர்ந்தனர். சார்பு இடம் மாறியிருக்கிறதே தவிர ஒழியவில்லை என்பது உண்மை. ஆனால் உயிருக்கு ஆபத்தான பொருளிலிருந்து முதலில் விலகி, நிக்கோட்டினைப் பின்னர் படிப்படியாகக் குறைப்பதே சரியான வரிசை. இரண்டையும் ஒரே நாளில் கேட்பவர் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார்.

இரண்டாவது, சிகரெட்டையும் மின்சிகரெட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் குறித்தது. நாளுக்கு ஒரு சிகரெட் மட்டும் புகைத்தாலும், இருபது புகைப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி எஞ்சுகிறது என 2018இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. எனவே ‘குறைத்துக்கொண்டேன்’ என்பது முடிவாக முடியாது. போதாத செறிவுள்ள முதல் கருவி உண்டாக்கும் நிலை பெரும்பாலும் இதுவே என்பதால், இந்த மறுப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது.

மூன்றாவது, சிறார் பழக்கம். இந்தக் கவலை முழுக்க நியாயமானது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடைசெய்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது ஏற்கெனவே குற்றம். புகைவிடுதல் சேவை, ஆலோசகர் வழியே வயதுவந்தோருக்குக் கொடுக்கும் நிரப்பத்தக்க கருவி, பள்ளி வாசலில் வண்ண உறையில் விற்கும் பொருளின் நிழலில் மறைந்துவிடக் கூடாது.

முடிவுரை

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு ஆகியவற்றைத் தடைசெய்கிறது. ஆகவே இங்குள்ள வாசகருக்கு இக்கட்டுரை கருவிப் பரிந்துரை ஆகாது. அளவு குறித்த பாடம் மட்டும் எல்லை தாண்டும். 4 மில்லிகிராம் சூயிங்கம் தேவைப்படுபவருக்கு 2 மில்லிகிராம் கொடுத்துவிட்டு, அவர் தோற்றதும் மனவலிமை இல்லை என்று எழுதுவது அதே பிழை. நிக்கோட்டின் கம், ஒட்டுப்பட்டை, வரெனிக்ளின் மாத்திரை, 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் ஆகியவை இங்கு கைக்கெட்டும் வழிகள்.

கருவி வழங்கும் நாடுகளின் சேவைகள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டும்: முதல் சிகரெட்டின் நேரத்தைக் கேட்டுப் பதிவுசெய்து அதற்கேற்ற செறிவைக் கொடுப்பது, இழுக்கும் முறையை நேரில் சொல்லிக்கொடுப்பது, முதல் வாரத்துக்குள் மீண்டும் சந்தித்து, ஏக்கம் தணியவில்லை என்றால் அளவை உயர்த்துவது. முதல் கருவி பொய்த்தால் புகைப்பவர் அந்தக் கருவியைக் குறை சொல்வதில்லை. தம்மால் முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளாதிருப்பது ஆலோசகரின் பொறுப்பு.