ரப்பர் மரம்

ரப்பர் மரம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டல மழைக்காட்டு மரமாகும். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. காட்டில் 30 மீட்டருக்கும் மேல் வளரும். ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. முற்றிய காய் வெடித்து விதைகளைத் தொலைவில் தெறிக்கவிடும். பட்டையைக் கீறினால் வடியும் வெண்ணிறப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர் உள்ளது.

வரலாறு

அமேசான் பழங்குடியினர் இந்தப் பாலைக் கொண்டு பந்துகளும் நீர்புகாப் பொருள்களும் செய்தனர். ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் இளகும்; குளிரில் இறுகி வெடிக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். மிதிவண்டியும் மோட்டார் வாகனமும் வந்தபின் தேவை பெருகியது. பிரேசிலின் மனாவுஸ் நகரம் செல்வத்தில் திளைத்தது. 1896இல் அங்கு மாபெரும் இசையரங்கு திறக்கப்பட்டது. அதே காலத்தில், புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் பால் சேகரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். ரப்பர் விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பது. எனவே அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டு எனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். காப்பி விலை வீழ்ந்ததும் மலாயாத் தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டுக்குள் ஆசியத் தோட்டங்கள் பிரேசிலை முந்திவிட்டன.

தமிழர் உழைப்பு

மலாயாவில் காடழித்துத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பங்கினர் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்ற தொழிலாளர்கள். விடியுமுன் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதால், இருட்டிலேயே பால்வெட்டு தொடங்கிவிடும். ஆண்களும் பெண்களும் இதில் ஈடுபட்டனர். மலேசியத் தமிழர் இதனைப் 'பால்மரம்' என்றே அழைக்கின்றனர்.

சாகுபடியும் பயனும்

கேரளத்தில் 1902இல் தட்டேக்காட்டில் வணிகச் சாகுபடி தொடங்கியது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டமே இதன் முதன்மை இடம். ஒட்டுக்கட்டிய கன்று நட்டு 6 அல்லது 7 ஆண்டுகளில் பால்வெட்டத் தொடங்கலாம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பயன் கிடைக்கும். சேகரித்த பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, தகடுகளாக அழுத்திப் புகையில் உலர்த்துவர். உருளிப்பட்டை, கையுறை, காலணி முதலியவை இதிலிருந்து உருவாகின்றன. முதிர்ந்த மரம் அறைகலன்களுக்கு உதவும்.

இன்றைய நிலை

தாயகத்தில் இம்மரத்தைத் தோட்டப்பயிராக்க முடியவில்லை. 1928இல் ஹென்றி ஃபோர்டு அமேசானில் அமைத்த ஃபோர்டுலாந்தியா தோட்டத்தை இலைக்கருகல் பூஞ்சை அழித்தது. காட்டில் மரங்கள் தனித்தனியே சிதறி நிற்பதால் அந்நோய் பரவுவது கடினம். நெருக்கி நட்டால் எளிதில் தாவும். ஆசியாவின் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்கம் கொண்டுவந்த விதைகளின் வழிவந்தவை. மரபுவேறுபாடு குறைந்த இத்தோட்டங்களுக்குள் அப்பூஞ்சை நுழைந்தால் இழப்பு பெரிதாகும். எனவே, தென் அமெரிக்காவிலிருந்து வரும் தாவரப் பொருள்களை ரப்பர் விளையும் ஆசிய நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.