போடி ரயில் ‘ரிப்பேர்’ ஆச்சா, ‘ரெஸ்டோர்’ ஆச்சா? இங்கிலீஷில் எதை எங்கே போடணும்?

2023 ஜூன் 15. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் போடிநாயக்கனூருக்குப் பயணிகள் ரயில் வந்த நாள். இதை இங்கிலீஷில் ஒரே வரியில் எழுதச் சொன்னா, என்ன வார்த்தை போடுவீங்க? ரிப்பேர், ரெஸ்டோர், ரீபில்ட், ரெனவேட்... எல்லாமே சரி மாதிரிதானே தெரியுது?

தமிழில் நமக்குக் கவலையே இல்லை. வீட்டைப் புதுப்பிக்கிறோம், கோயிலைப் புதுப்பிக்கிறோம், டிரைவிங் லைசென்ஸையும் புதுப்பிக்கிறோம். இங்கிலீஷில் ரெனவேட், ரெஸ்டோர், ரினியூன்னு மூணும் வேற வேற. ஆபீஸ் மெயிலிலோ, கலெக்டர் ஆபீஸுக்குக் கொடுக்கிற மனுவிலோ மாத்திப் போட்டா, கேட்டது ஒண்ணு, கிடைக்கிறது ஒண்ணுன்னு ஆகலாம். இடிஞ்சு விழப்போற கட்டடத்துக்கு ‘ரெனவேட்’ பண்ணுங்கன்னு எழுதிட்டு, பெயின்ட் அடிச்சுட்டுப் போயிட்டாங்களேன்னு புலம்பி என்ன பண்றது?

ரெண்டே கேள்வி கேட்டுக்கோங்க. பழசில் எவ்வளவு மிச்சம் இருக்கு? வேலை முடிஞ்சதும் அது பழையபடி இருக்குமா, புதுசா மாறியிருக்குமா?

ஒரே லைன், வேற வேற வார்த்தை

இப்போ போடி லைனுக்கு வருவோம். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே கழற்றி எடுத்துட்டாங்க. 1950-களில் மறுபடி போட்டாங்க. இருந்தது, போனது, திரும்பப் பழைய நிலைக்கு வந்தது. இதுதான் சுத்தமான ‘ரெஸ்டோர்’.

அடுத்த கதை வேற. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, அகலப்பாதை வேலையை ஆரம்பிச்சாங்க. 90 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஆனா தேனி வரைக்கும் ரயில் வரவே 2022 மே ஆச்சு. கடைசி 15 கிலோமீட்டருக்கு இன்னும் ஒரு வருஷம். 1,000 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்த பாதை 1,676 மில்லிமீட்டர் ஆயிடுச்சு. அப்போ பாதையை ‘ரெஸ்டோர்’ பண்ணாங்கன்னு எழுத முடியாது. பாதையை ‘கன்வெர்ட்’ பண்ணாங்க. ரயில் சேவையை மட்டும்தான் ‘ரெஸ்டோர்’ பண்ணாங்க. ‘ரிஸ்யூம்’னும் எழுதலாம், நடுவில் நின்னது மறுபடி ஓடுதுன்னு அர்த்தம். என்னைக் கேட்டா, பன்னிரண்டு வருஷம் பஸ்ஸிலேயே போய்வந்த ஊருக்கு ‘ரிஸ்யூம்’ ரொம்பச் சின்ன வார்த்தை. ஏதோ டீ பிரேக் முடிஞ்ச மாதிரி இருக்கு!

திரும்ப வராத ரயில்

மலைமேலயும் ஒரு ரயில் இருந்துச்சு, தெரியுமா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஓடின குண்டளை வேலி ரயில். தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் நம்ம பக்கம் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். டாப் ஸ்டேஷன்னு பேர் வந்ததே அதனாலதான். 1924 வெள்ளத்தில் எல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அதை யாரும் ‘ரீபில்ட்’ பண்ணலை. அழிஞ்சதை முதலிலிருந்து கட்டணும்னா இந்த வார்த்தைதான். அப்படிக் கட்டுறது பழசு மாதிரியே இருக்கணும்னு அவசியமில்லை. பழைய போட்டோ, வரைபடம் எல்லாம் தேடி எடுத்து அச்சு அசலா அதே மாதிரி கட்டினா, அது ‘ரீகன்ஸ்ட்ரக்ட்’. குற்றம் எப்படி நடந்ததுன்னு போலீஸ் திரும்ப நடத்திப் பார்க்கிறதுக்கும் இதே வார்த்தைதான்.

2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரள அரசு ஆரம்பிச்ச திட்டத்துக்கு ‘ரீபில்ட் கேரளா’ன்னு பேர் வெச்சாங்க, கவனிச்சீங்களா? ‘ரெஸ்டோர்’னு வெச்சிருந்தா, வெள்ளத்துக்கு முந்தின நிலைக்கே திரும்புறோம்னு ஆகியிருக்கும். அதே பலவீனமான ரோடு, அதே ஆபத்தான சரிவில் அதே வீடு.

பழைய அழகைத் திரும்பக் கொண்டுவரணும்னா ‘ரெஸ்டோர்’ பொருத்தம். மதுரை திருமலை நாயக்கர் மகாலை 19-ம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் காலத்தில் ‘ரெஸ்டோர்’ பண்ணாங்க. புது போனில் வாட்ஸ்அப் பேக்கப்பை எடுக்கிறப்போ வர்றதும் இதே வார்த்தைதான். பழைய சாட் அப்படியே வரணுமே! ‘ரெனவேட்’டுக்குள்ள புதுசுங்கிற அர்த்தமுள்ள லத்தீன் சொல் ஒளிஞ்சிருக்கு. அதனால பாட்டி வீட்டு அடுப்படியை மாடுலர் கிச்சன் ஆக்கினா ‘ரெனவேட்’. ‘ரிஃபர்பிஷ்’ உங்களுக்கே தெரியும். யாரோ வாங்கின போனைச் சரிபார்த்து, பளபளன்னு ஆக்கி விற்கிறது. புதுசு இல்லைங்க, விலையைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திட்டு மலை ஏறுற ஜீப்புக்கு பிரேக் மட்டும் சரிபண்ணா ‘ரிப்பேர்’. இன்ஜினையே பிரிச்சுப் போட்டு மாட்டினா ‘ஓவர்ஹால்’.

உயிருள்ளதுக்குத் தனி வார்த்தைகள். 2024 கோடை வறட்சியில் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்கள் காய்ஞ்சு போச்சு. வேர் பிழைச்சு, தண்ணி விட்டதும் துளிர்த்தா அந்தச் செடி ‘ரிவைவ்’ ஆச்சு. வயசான தோட்டத்துக்குக் கவாத்து, உரம்னு கவனிச்சு விளைச்சலை ஏத்தினா ‘ரெஜுவனேட்’. மொத்தமா பட்டுப்போன இடத்தில் புதுக் கன்று வெச்சா ‘ரீபிளான்ட்’. பயிர்ச்சேதத்துக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதி, உங்க வீட்டுப் பெரியவங்க ‘கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா’ன்னு நீட்டினா, இந்த இடத்தில் மட்டும் நின்னு படிங்க. ‘ரீபிளான்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘ரிவைவ்’னு இருந்தா, செடி உயிரோடதான் இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.